தொப்பி பழசு, ரிப்பன் புதுசு: ஃபெல்ட் தொப்பிக்குக் கையாலேயே ரிப்பன் மாத்துறது

இன்னைக்கு எபிசோட் ஒரு தொப்பியைப் பத்தி. கம்பளியிலயோ முயல் ரோமத்துலயோ செஞ்ச, சுத்தி ஒரு ரிப்பன் ஓடுற ஃபெல்ட் தொப்பி. பகத் சிங்னு சொன்னதும் நம்ம கண்ணு முன்னாடி வர்ற அந்த 1929 ஸ்டுடியோ போட்டோ இருக்குல்ல, அதுல அவர் தலையில இருக்கிறது இந்த ஜாதிதான். இண்டியானா ஜோன்ஸ் படத்துல ஹாரிசன் ஃபோர்டு சாட்டையை விட்டாலும் விடுவார், தொப்பியை விட மாட்டார், அதுவும் இதேதான்.

இந்த வகைத் தொப்பில ஒரு விசித்திரம் இருக்கு. ஃபெல்ட் நல்லா பார்த்துக்கிட்டா பல தலைமுறை தாங்கும். ரிப்பன் அப்படி இல்ல. வேர்வையோட உப்பு உள்ளேருந்து ஊறி வெள்ளைக் கோடா வெளிய வரும். வெயில்ல சாயம் போகும். ஓரம் நைஞ்சு நூல் நூலா தொங்கும். பாத்தவுடனே "தொப்பி போச்சு"ன்னு தோணும். ஆனா போனது ரிப்பன் மட்டும்தான். மொத்தத் தொப்பியையும் குப்பையில போடறது, கீபோர்டுல ஒரு கீ வேலை செய்யலன்னு லேப்டாப்பைத் தூக்கிப் போடற மாதிரி.

இந்த விஷயம் எங்கிட்ட வந்தது ஆபீஸ்ல என் டீம்ல இருக்கிற ஒரு நண்பன் மூலமா. அவன் தாத்தா சரக்குக் கப்பல்ல எஞ்சின் ரூம்ல வேலை பார்த்தவர். 1970கள்ல ஜெனோவா துறைமுகத்துல இறங்கினப்போ ஒரு சாம்பல் நிறத் தொப்பி வாங்கியிருக்கார். ஊருக்கு வந்தா கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் அதோடதான் போவாராம். அவர் இப்ப இல்ல. தொப்பி இருக்கு. நண்பனுக்கு அதைத் தன் கல்யாண ரிசப்ஷன்ல போட்டுக்கணும்னு ஆசை. ஒரு கடையில காட்டினான், "க்ளூ கன் வச்சு ஒட்டிடலாம் தம்பி, அஞ்சு நிமிஷ வேலை"ன்னாங்க. நல்லவேளை, "யோசிச்சுட்டு வரேன்"ன்னு எழுந்து வந்துட்டான்.

நல்லவேளைன்னு ஏன் சொல்றேன்? ஃபெல்ட்ல சூடான பசை வச்சா அது ரோமத்துக்குள்ள இறங்கி கட்டியாயிடும். பிச்சா பசையோட ஃபெல்ட்டும் சேர்ந்து வரும். அதாவது ரோல்பேக் கிடையாது. நம்ம வேலையில ப்ரொடக்ஷன் சர்வர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி என்ன கேட்போம்? "தப்பாப் போச்சுன்னா பழைய நிலைக்கு வர முடியுமா?" உலகத்துல ஒண்ணே ஒண்ணு இருக்கிற ஒரு பொருள்ல கை வைக்கும்போதும் அதே கேள்விதான். தையலுக்கு பதில் "முடியும்." நூலை வெட்டினா ரிப்பன் தனியா வந்துடும், ஃபெல்ட்ல ஊசி போன தடம் பிரஷ் போட்டா மூடிக்கும்.

ஏன் மூடிக்குது? ஃபெல்ட் நெய்த துணி கிடையாது. அதுல பாவு, ஊடைன்னு எதுவும் இல்ல. விலங்கு ரோமத்தோட மேல்பரப்புல நுண்ணிய செதில்கள் இருக்கும். சூடு, ஈரம், அழுத்தம் மூணும் சேர்ந்தா ரோமங்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டு பிரிக்க முடியாத ஒரு தாளா இறுகிடும். ஊசி உள்ள போனா இழைகள் விலகி வழி விடும், அவ்வளவுதான். ஆனா இதே காரணத்தாலதான் தொப்பியை வெந்நீர்ல முக்கவே கூடாது. மறுபடி சூடு, ஈரம், அழுத்தம் கிடைச்சா அது இன்னும் இறுகி சுருங்கும். வாஷிங் மெஷின்ல போட்ட கம்பளி ஸ்வெட்டர் குழந்தை சைஸுக்கு வர்றதும் இந்தக் கதைதான்.

இங்க ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் கவனமா கேளுங்க. முயல் ரோமத்தோட செதில்களை நல்லா விரிய வைக்க, ஒரு காலத்துல தொப்பித் தொழிற்சாலைகள்ல பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினாங்க. ரோமத்தோட நுனி ஆரஞ்சு நிறமா மாறுமாம், அதனால அந்த வேலைக்கே 'கேரட்டிங்'னு பேர். அந்த ஆவியைச் சுவாசிச்ச தொழிலாளிகளுக்குக் கை நடுக்கம், மன உளைச்சல், பேச்சுக் குழறல். அமெரிக்காவுல டான்பரிங்கிற தொப்பி நகரத்துல அந்த நடுக்கத்துக்கு ஊர் பேரையே வச்சுட்டாங்க, 'டான்பரி ஷேக்ஸ்'. 1941லதான் அங்க தொப்பித் தொழில்ல பாதரசம் நின்னுச்சு. மியூசியங்கள்ல இருக்கிற பழைய ஃபெல்ட் தொப்பிகள்ல இப்பவும் பாதரசம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அதனால உங்க கையில இருக்கிறது கொள்ளுத்தாத்தா காலத்துத் தொப்பின்னா, அதுக்கு ஆவி காட்டாதீங்க, வீட்டுல வச்சு நோண்டாதீங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சு அழகு பாருங்க.

எந்த ரிப்பன்?

பாதி வெற்றி இங்கதான் முடிவாகுது, அதனால கொஞ்சம் நிதானமா பேசுவோம்.

ஃபெல்ட் தொப்பில இருக்கிறது வழவழப்பான சாட்டின் ரிப்பன் கிடையாது. குறுக்கு வாக்குல வரிவரியா மேடு தட்டுப்படும். குரோக்ரெய்ன்னு பேர். நீளவாக்கு நூல் மெலிசு, குறுக்கு நூல் தடிமன், அதனாலதான் அந்த வரி. இதுல ரெண்டு வகை. பரிசுப் பொட்டலத்துக்குக் கட்டுற குரோக்ரெய்னோட ஓரம் நேர்கோடா, இறுக்கமா நெஞ்சிருக்கும். தொப்பிக்கான வகையைப் பெட்டர்ஷாம்னும் சொல்வாங்க. அதோட ஓரத்தை உத்துப் பார்த்தா குட்டிக் குட்டியா அலை அலையா இருக்கும், ரம்பப் பல் மழுங்கின மாதிரி. இந்த அலை அழகுக்காக வச்சது கிடையாது. ஓரத்துல இறுக்கமான கரை இல்லாததால, ஈரமும் சூடும் கொடுத்தா ஒரு பக்கத்தைச் சுருக்கி, மறுபக்கத்தை இழுத்து, ரிப்பனையே வில் மாதிரி வளைக்கலாம்.

எதுக்கு வளைக்கணும்? டீக்கடை பேப்பர் கப் ஒண்ணை எடுத்து ஒட்டு இருக்கிற இடத்துல பிரிச்சு விரிச்சுப் பாருங்க. நீளச் சதுரமா வராது. வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு வரும். ஏன்னா கப்போட வாயும் அடியும் ஒரே சுற்றளவு இல்ல. தொப்பியோட உருண்டைப் பகுதியும் அப்படித்தான், கீழ அகலம், மேல போகப் போகக் குறுகும். நேரான ரிப்பனைச் சுத்தினா கீழ சரியா உக்காரும், மேல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும்.

நண்பனோட தொப்பில அளந்தேன். விளிம்பை ஒட்டி வெளிச்சுற்று 60 செ.மீ. அதுக்கு 4 செ.மீ. மேல 58.5 செ.மீ. ஒன்றரை செ.மீ. வித்தியாசம். பத்தாங்கிளாஸ் கணக்குதான்: 1.5-ஐ 4-ஆல வகுத்தா 0.375 ரேடியன். 60-ஐ அதால வகுத்தா 160 செ.மீ. அதாவது 160 செ.மீ. ஆரம் உள்ள ஒரு பெரிய வட்டத்தோட சின்ன வில் மாதிரி ரிப்பன் வளையணும். கேட்க பயங்கரமா இருக்கு, கண்ணால பார்த்தா ரொம்ப மெல்லிய வளைவுதான். ஆனா அந்த மெல்லிய வளைவுதான் கடையில வாங்குன தொப்பிக்கும் ஸ்கூல் ஆண்டு விழாத் தொப்பிக்கும் இருக்கிற வித்தியாசம்.

சௌகார்பேட்டை, பாரிஸ் பக்கம் ரிப்பன் கடைகள்ல குரோக்ரெய்ன்னு கேட்டா பெரும்பாலும் பாலியஸ்டர்தான் எடுத்துப் போடுவாங்க. அது அவங்க தப்பு இல்ல, நம்ம ஊர்ல தொப்பிக்கு யாரு ரிப்பன் கேட்கிறா? நுனியில ஒரு சென்டிமீட்டர் வெட்டி, இடுக்கியில பிடிச்சு, வாஷ்பேசின் மேல வச்சுக் கொளுத்திப் பாருங்க. உருகி கறுப்பு மணி மாதிரி உருண்டா பாலியஸ்டர். காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலானா பருத்தி இல்ல ரேயான். நமக்கு வேண்டியது இந்த ரெண்டாவது. தொப்பி செய்றவங்களுக்குப் பொருள் விக்கிற ஆன்லைன் கடைகள்ல கிடைக்கும், ஓரத்தை மட்டும் படத்துல பெரிசு பண்ணிப் பார்த்து வாங்குங்க.

அகலம்? பழைய ரிப்பனுக்குச் சமம், இல்லன்னா கொஞ்சம் கூட. குறைவா மட்டும் வேண்டாம். பழைய ரிப்பனுக்கு அடியில இருக்கிற ஃபெல்ட் வெயிலே பார்க்கல. அந்த இடம் மட்டும் அசல் நிறத்துல அடர்த்தியா இருக்கும், வாட்ச் கழட்டின மணிக்கட்டு மாதிரி. ஒல்லி ரிப்பன் போட்டா அந்தக் கோடு மேல எட்டிப் பார்க்கும். நீளம் ஒண்ணேகால் மீட்டர் போதும். சுத்துக்கு 62, முடிச்சுக்கு முப்பத்தஞ்சு, மிச்சம் கத்தரிக்கோலுக்கு.

பிரிக்கிறது

முதல்ல போட்டோ. முன்னாடி, பின்னாடி, முடிச்சுப் பக்கம், மேலேருந்து. குறிப்பா முடிச்சை நாலு கோணத்துல எடுங்க, அதுதான் உங்க டாக்குமெண்டேஷன்.

தொப்பிக்குள்ள நெத்தியில படுற தோல் பட்டை ஒண்ணு இருக்கும். அதை முழுசா வெளிப்பக்கமா புரட்டி விட்டுடுங்க. இனிமே போற எந்தத் தையலும் அந்தத் தோலைத் தொடக் கூடாது. தோல்ல விழுந்த ஓட்டை ஓட்டைதான், அதுக்கு மூடிக்கிற வித்தை தெரியாது. ஆவியும் அதுல படக் கூடாது, தோல் சூட்டுல சுருங்கி முறுக்கிக்கும்.

அப்புறம் முடிச்சுலேருந்து ஆரம்பிச்சு, தையல் பிரிக்கிற கருவியோட நுனியை ரிப்பனுக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவுல விட்டு ஒவ்வொரு நூலா வெட்டுங்க. நூலைப் பிடிச்சு இழுக்காதீங்க. அதுல சில தையல் எங்கே இருந்துச்சுன்னு சாக்பீஸால புள்ளி வச்சுக்கிட்டா பின்னாடி உதவும். சில பழைய தொப்பில ரிப்பனுக்கு மேல மெல்லிய கயிறும் குட்டி பட்டனும் இருக்கும். காத்துல தொப்பி பறந்தா கோட்ல மாட்டிக்க வச்சது. அதைத் தனியா எடுத்து வச்சுக்குங்க.

நண்பன் வீட்டுல இந்தக் கட்டத்துல வேலை நின்னுச்சு. பாட்டி வந்து பக்கத்துல உக்காந்தாங்க. கழட்டின ரிப்பனைக் கையில வாங்கி, அந்த வேர்வைக் கோட்டை விரலால தடவினாங்க. "இது அவரு தலைல இருந்து வந்ததுடா. இதையா தூக்கிப் போடப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. நண்பன் என்னைப் பார்த்தான். எனக்கும் சட்டுன்னு பதில் வரல. அதுவரைக்கும் எனக்கு அது உப்புக் கறை, அழிக்க வேண்டிய பக். அவங்களுக்கு அதுதான் தொப்பில மிச்சமிருக்கிற தாத்தா. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே ஒரு பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு, ரிப்பனை அதுல சுத்தி, பீரோவுல வச்சுட்டு, "நீங்க பண்ணுங்க"ன்னாங்க. அன்னைக்கு முடிவு பண்ணினேன்: யாரோட தொப்பியா இருந்தாலும் பழைய ரிப்பனைத் துவைக்க மாட்டேன், தூக்கிப் போட மாட்டேன். உரிமைக்காரங்க கையில கொடுத்துட்டுதான் அடுத்த வேலை.

கழட்டின இடத்தை மெத்துனு இருக்கிற பிரஷ்ஷால ரோமம் சாஞ்சிருக்கிற திசையிலேயே துடைச்சு விடுங்க. ரிப்பன் இடுக்குலதான் தூசியும், சில சமயம் அந்துப்பூச்சி முட்டையும் ஒளிஞ்சிருக்கும்.

வளைக்கிறது, தைக்கிறது

பழைய பெட்ஷீட்டை விரிச்சு, 160 செ.மீ. நூல்ல சாக்பீஸ் கட்டி ஒரு வில் வரைஞ்சேன். இது இன்ஜினியர் கிறுக்கு, நீங்க கண்ணளவுலேயே பண்ணலாம். ரிப்பன்ல லேசா தண்ணி தெளிச்சு, அயர்ன் பாக்ஸைப் பருத்திச் சூட்டுல வச்சு, ஒரு முனையிலேருந்து மெதுவா அழுத்திக்கிட்டே வாங்க. இன்னொரு கை ரிப்பனை வில்லோட திசைக்கு இழுத்துக்கிட்டே வரணும். உள் ஓரம் லேசா சுருங்கும், அயர்ன் அதை அமுக்கிடும். ஒரே தடவையில வராது. மூணு நாலு சுத்து போனா ரிப்பன் தானாவே வளைஞ்சு படுத்துக்கும். முழுசா ஆறட்டும். சூடா இருக்கும்போது தூக்கினா வளைவு போயிடும். பெரிய வளைவு கீழ, அதாவது விளிம்புப் பக்கம். இதை மாத்திச் சுத்தினா நேரான ரிப்பனை விட மோசமா நிக்கும்.

இப்ப தொப்பில சுத்துங்க. ரெண்டு முனையும் சேர்ற இடம் போடுறவரோட இடது பக்கம், காதுக்கு மேல. ஆண்கள் தொப்பில முடிச்சு இடது பக்கம்தான் வரும். வலது கையில கத்தி வீசும்போது இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படி வச்சாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க, கதையா கேட்டுக்குங்க. ஒரு செ.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏறட்டும். தொப்பியை நெரிக்காம, தொங்காம, விரல் நகம் மட்டும் உள்ள போற அளவு இறுக்கம். குண்டூசியால நிறுத்துங்க.

ஊசி நீளமா, மெலிசா, காது பகுதியும் உடம்பும் ஒரே தடிமனா இருக்கிற ஊசி. எம்பிராய்டரி பண்றவங்க மில்லினர்ஸ் ஊசின்னு வச்சிருப்பாங்க. மில்லினர்னா தொப்பி செய்றவங்க, ஊசியே இவங்க பேர்லதான் இருக்கு. நூல் ரிப்பன் நிறத்துல, ஒத்தை இழை.

தையல் முறை இதுதான். முடிச்சு போட்ட நூலை ரிப்பனுக்கு அடியில ஃபெல்ட்ல கொளுவிக்குங்க. கீழ் ஓரத்தை ஒட்டி ரிப்பன் வழியா ஊசியை வெளிய எடுத்து, ஒரே ஒரு வரியைத் தாண்டி, ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துலேயே திரும்ப உள்ள விடுங்க. வெளிய தெரியுற நூல் ஒரு மில்லிமீட்டர்தான், அதுவும் பள்ளத்துல ஒளிஞ்சுக்கும். ஊசி ஃபெல்ட்ல நேரா குத்திப் போகக் கூடாது. சாய்வா இறங்கி, பாதித் தடிமன்ல திரும்பி வரணும். தொப்பிக்குள்ள பார்த்தா நூலே தெரியாது. அடுத்த தையலுக்கு நூல் ரிப்பனுக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவுல மறைஞ்சு போகும். அஞ்சாறு செ.மீ.க்கு ஒண்ணு, கீழ் ஓரத்துல பத்துத் தையல் போதும். மேல் ஓரத்துல நாலஞ்சு. வளைவு சரியா வந்திருந்தா மேல் ஓரம் தானாவே ஒட்டி உக்காந்திருக்கும், தையல் பேருக்குத்தான். நூலை இறுக்கி இழுக்காதீங்க, ரிப்பன்ல தொப்புள் மாதிரி குழி விழும்.

அடுத்து முடிச்சு. இங்கிலீஷ்ல இதை 'போ'ம்பாங்க. தமிழ்ல சொன்னா யாரையோ துரத்துற மாதிரி இருக்கு, அதனால நான் முடிச்சுன்னே சொல்றேன். உண்மையில இது கட்டுற முடிச்சே இல்ல, மூணு துண்டை அடுக்கித் தைக்கிறது. காதால கேட்டா குழப்பும், ஒரு பேப்பர் துண்டை மடிச்சுக்கிட்டே கேளுங்க. 15 செ.மீ. துண்டை வளையமா மடிச்சு, ரெண்டு முனையும் பின்னாடி நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி வச்சுத் தட்டையாக்குங்க. 7 செ.மீ. அகலத்துல ஒரு தட்டை வளையம் வரும். அதுக்கு அடியில 8 செ.மீ. துண்டு ஒண்ணு, முனைகளைச் சாய்வா வெட்டி வைங்க. 10 செ.மீ. துண்டை நீளவாக்குல மூணா மடிச்சு ஒல்லிப் பட்டையாக்கி, ரெண்டையும் சேர்த்து நடுவுல மேலிருந்து கீழ சுத்திப் பின்னாடி தைச்சுடுங்க. வெட்டின முனைகள் பிரியாம இருக்க நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோடு. ஆனா முதல்ல கழிவுத் துண்டுல தடவிப் பாருங்க, சில ரிப்பன்ல கறையா நிக்கும்.

இதைச் சுத்து ரிப்பனோட இணைப்புக்கு மேல வச்சு, நடுப்பட்டைக்குப் பின்னாடி நாலு தையல். ரெண்டு சிறகும் லேசா தளர்வா இருக்கட்டும். நாலு பக்கமும் இறுக்கித் தைச்சா பேண்டேஜ் மாதிரி இருக்கும்.

ரிப்பன் இல்லாம துணியையே மடிச்சுச் சுத்துற வழக்கமும் இருக்கு. அதுக்கு இங்கிலீஷ்ல 'பக்கரி'ன்னு பேர், நம்ம வடநாட்டுப் பக்ரி, அதாவது தலைப்பாகை, கடல் தாண்டிப் போன பேர்தான். ஆஸ்திரேலிய ராணுவத்தோட ஒரு பக்கம் மடிச்ச தொப்பில இன்னைக்கும் அது இருக்கு, ஏழு மடிப்போட. ஆறு மாநிலத்துக்கு ஆறு, ஆட்சிப் பகுதிகளுக்கு ஒண்ணு. உங்க தொப்பிக்கு ரிப்பன் கிடைக்கலன்னா இந்த வழியும் யோசிக்கலாம். துணியைக் குறுக்கு வெட்டா வெட்டினா அயர்ன் இல்லாமலேயே வளைஞ்சு கொடுக்கும்.

மொத்தம் எங்களுக்கு ரெண்டு சாயங்காலம் ஆச்சு. ஒண்ணு பிரிக்க, வளைக்க. இன்னொண்ணு தைக்க. நண்பன் தைச்ச பத்துத் தையல்ல ரெண்டு நல்லாவே தெரியுது. பிரிச்சுப் போடலாமான்னு கேட்டேன், "இருக்கட்டும்டா, யார் தைச்சதுன்னு தெரியட்டும்"ன்னுட்டான்.

கடைசியா வச்சுக்கிற விதம். தோல் பட்டையை உள்ள மடிச்சுவிட்டுட்டு, தொப்பியைத் தலைகீழா, உச்சி கீழ படுற மாதிரி வைங்க. விளிம்பு கீழ பட்டா கொஞ்ச நாள்ல தட்டையாயிடும். எடுக்கும்போது முன்பக்க மடிப்பைக் கிள்ளித் தூக்காதீங்க, சினிமாவுல பார்க்க ஸ்டைலா இருக்கும், ஆனா ஃபெல்ட் அந்த இடத்துலதான் முதல்ல கிழியும். விளிம்பைப் பிடிங்க. சென்னை ஈரத்துக்குப் பூஞ்சை வராம இருக்க, ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு பெட்டிக்குள்ள போடுங்க. போட்டுட்டு வந்த அன்னைக்கு உடனே பெட்டிக்குள்ள வைக்காம, தோல் பட்டையை வெளிய புரட்டி ராத்திரி முழுக்க ஃபேன் காத்துல விடுங்க. வேர்வை அங்கேயே காஞ்சுட்டா ரிப்பன் வரைக்கும் வராது.

முடிச்சு மடிக்கிறதுல சந்தேகம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, உங்க தொப்பியோட மேல் சுற்றளவு, கீழ் சுற்றளவு ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க, ஆரத்தைக் கணக்குப் போட்டுத் தரேன். அடுத்த வாரம் பார்ப்போம்.